கருவாடு மணத்த நெல்

ஜனவரி 27, திங்கள்

காலையில் சுசிலாவின் வயலில் வெட்டு மெசின் இறங்கியது. அவளுடைய வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவள் கூப்பிடாமலே நானும் போய் வரம்பில் நின்றேன்.

மெசின் பாதி வயலைத் தாண்டவில்லை, வயற்கரையில் நெல் வாங்கும் லொறி வந்து நின்றுவிட்டது. சுசிலா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே போனாள். "தம்பி, என்ன விலைக்கு எடுக்கிறியள்?" லொறிக்காரர் சொன்னார். அவள் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முப்பத்தொரு வருடமாகப் பத்திரிகைக்குப் பயிர் விலை எழுதுகிறேன். இந்தக் கேள்வி எனக்கு இன்னும் பழகவில்லை. கடையில் சவர்க்காரம் வாங்குகிறவர் விலை கேட்பார், விற்கிறவர் சொல்லுவார். நெல்லில் மட்டும் விற்கிறவர் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த முறை லொறிக்குக் கொடுப்பதில்லை, காயவைத்து அரச களஞ்சியத்துக்குத்தான் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். அரசின் உத்தரவாத விலையோ இன்னும் அறிவிக்கப்படவில்லை. அறுவடை தொடங்கிய பிறகு விலை வருவது இங்கே வழமை.

"எப்ப அண்ணை அறிவிப்பினம்?"

"அறிவிச்ச பிறகு சொல்லுறன்."

"அதுக்கு என்னத்துக்கு நீங்கள்? றேடியோ இருக்குத்தானே."

இலக்கங்கள் எல்லாம் பத்திரிகைக்கு. இந்தக் கொப்பியில் ஆட்கள் மட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இன்றுதான் தெரிந்தது. புருஷன் ஸ்ரீபன் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். சுசிலாவைக் கட்டி முரசுமோட்டைக்கு வந்து விவசாயி ஆனவன். ஊருக்கு இன்னும் அவன் 'கடல்காரன்'தான். "இந்தப் போகமும் லொறிக்குத்தான் போகுமெண்டால் நான் என்ர அண்ணையின்ர படகுக்குப் போறன்" என்று சொல்லியிருக்கிறான். போனால் கிழமைக்கு ஒருநாள்தான் வீடு.

"ஆள் விளையாட்டுக்குச் சொல்லேல்ல அண்ணை" என்றாள். போய் நெல்லைக் கிளறினாள்.

ஜனவரி 30, வியாழன்

மழை. இந்த நேரத்தில் ஏன் மழை? வீதியோரம் காயப்போட்ட நெல்லை எல்லாரும் ஓடி ஓடிக் குவித்தார்கள். பரந்தன் கடைகளில் ஒரு தார்ப்பாய்ப் படங்குகூட இல்லை. நெல்லை மூட என் அறைக்குள் விரித்திருந்த பாயும் போனது. செய்தி அனுப்பினேன். எனக்குத் தடிமன்.

பெப்ரவரி 1, சனி

கடல்காரன் இன்று கெட்டிக்காரன். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கரைக்குப் போய், அண்ணன் ஸ்ரனிஸ்லஸின் நாலு பெரிய படங்குகளைக் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது கடல் கொந்தளிப்பு, அங்கே அவை சும்மா கிடந்தனவாம். நெல் முழுவதும் அதன் மேல் ஏறியது. மழை தூறினால் நாலு மூலையையும் மடித்து மூடிவிடலாம். ஒழுங்கை முழுக்க வந்து பார்த்தது.

"கொஞ்சம் மணக்குதே" என்றாள் சுசிலா.

"வெயில் பட்டால் போயிடும்."

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மூக்கு அடைத்திருக்கிறது.

பெப்ரவரி 4, செவ்வாய்

நல்ல வெயில். தடிமன் அப்படியே.

பெப்ரவரி 7, வெள்ளி

விலை அறிவித்துவிட்டார்கள்! லொறி விலையை விட நன்றாகவே கூட. நான் சொல்லும் முன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம்: "றேடியோ சொல்லிப்போட்டுது அண்ணை, நீங்கள் ஆறுதலாய் எழுதுங்கோ!"

பெப்ரவரி 10, திங்கள்

களஞ்சியத்துக்கு நானும் போனேன். முதல் நாள் கொள்வனவு, செய்திக்காக. வரிசையில் சுசிலாவும் ஸ்ரீபனும் முன்னுக்கே நின்றார்கள். ஈரம் பதினான்கு வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலர் மூட்டைக்குள் கருவியைக் குத்திப் பார்த்தார். பதின்மூன்றரை. சுசிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாண வீட்டில்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

பிறகு அவர் ஒரு கை நெல்லை அள்ளி மூக்கடியில் பிடித்தார். இன்னொரு தரம் பிடித்தார்.

"அம்மா, இது நெல்லோ நெத்தலியோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் படங்குகளில் வருடக்கணக்காகக் காய்ந்தது கருவாடு! ஸ்ரீபன் கருவாட்டுக்கு நடுவில் வளர்ந்தவன், அவனுக்கு அது மணமே இல்லை. சுசிலாவுக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. எனக்கு மூக்கு இல்லை.

வேறு மணம் ஏறிய நெல்லை எடுக்கக்கூடாது என்பதும் விதிதான். அலுவலர் மரியாதையாகவே சொன்னார். அவர் மேல் பிழை இல்லை.

திரும்பும்போது பரந்தன் சந்தியில் ஸ்ரீபன் வாய் திறந்தான். "ஞாயிற்றுக்கிழமை அண்ணையின்ர படகு வெளிக்கிடுது." சுசிலா மூட்டை மேல் ஏறி இருந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் போன் எடுத்தார். அவருக்கும் கதை போய்விட்டது. "கருவாட்டு நெல் எண்டு போடுவம் அண்ணை, முதற்பக்கம்!" மாட்டேன் என்றேன். பத்திரிகையில் வந்தால் லொறியும் எடுக்காது. அந்த லொறிக்காரர் இன்று காலை மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திய விலையில் பாதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நல்ல தலைப்பு. விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 13, வியாழன்

விலை எடுக்கத் தர்மபுரம் போனபோது சரீப்பின் அரிசி ஆலையில் இறங்கினேன். முல்லைத்தீவுக்காரர். இருபது வருடம் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து இந்த ஆலையைப் போட்டவர். கடையும் உண்டு. பெயர் சொல்லாமல் மெதுவாக ஆரம்பித்தேன்: "ஒருத்தரின்ர நெல்லிலை கொஞ்சம் மணம்..."

"ஆர், கடல்காரனோ?"

ரகசியம் அவ்வளவுதான்.

உள்ளே இருந்து அவருடைய மனைவி ஜொஹறா வந்தா. "கருவாட்டுச் சட்டியைக் கழுவிப்போட்டு நாங்கள் பால் காய்ச்சிறேல்லையோ? கொண்டுவரச் சொல்லுங்கோ. மூண்டு தண்ணி மாத்தி ஊறவிட்டுப் புழுக்கிப் பாப்பம்."

"கூலி?" என்றேன்.

"தவிடும் உமியும் எங்களுக்கு" என்றார் சரீப். "தவிடு மணந்தால் கோழி இன்னும் கூடத் தின்னும்."

பெப்ரவரி 16, ஞாயிறு

படகு வெளிக்கிட்டிருக்கும். ஸ்ரீபன் போகவில்லை. ஆலையில் விறகு தள்ளிக்கொண்டு நின்றான். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவனும் சுசிலாவும் பாதி நெல்லைக் கழுவியே கை வெளிறிப் போயிருந்தது. இருவரும் பேசினார்களா? "தள்ளுங்கோ", "தண்ணி வருது", "காலைப் பாருங்கோ". இதையும் பேச்சென்றால் பேசினார்கள்.

புழுக்கிய நெல் சீமெந்துத் தரையில் காய்ந்தது. ஒரு சுண்டு நெல் மட்டும் முதலில் காயவைத்துக் குத்தி, ஜொஹறா பருப்போடு சமைத்தா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தடிமன் விட்டு மூன்று நாளாகிறது. முதல் கவளத்தில் ஏதோ இருந்தது போல. இரண்டாவதில் இல்லை. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சோறு நல்ல சோறு, அதைச் சொன்னேன்.

"சரி, ஆருக்கு விக்கிறது?" என்றார் சரீப்.

ஸ்ரீபன் விறகைக் கீழே போட்டான். "எங்கட கரைக்கு, சரீப் நானா. அங்க ஆருக்கு இது மணக்கப்போகுது?"

சுசிலா வாயில் சோற்றோடு சிரித்துப் புரைக்கேறிவிட்டாள். தலையில் தட்டியது அவன்தான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஸ்ரனிஸ்லஸ் கரைக்குக் கொண்டுபோன அரிசி, காலைப் பூசை முடிந்து சனம் வீடு போவதற்குள் முடிந்துவிட்டதாம்.

மார்ச் 7, வெள்ளி

கரையிலிருந்து இன்னும் கேட்கிறார்கள். குழையாமல் வருகிறதாம், பழஞ்சோற்றுக்கும் நல்லதாம். பாதி நெல் இன்னும் சுசிலாவின் அறையில்.

வேலியில் நின்று ஸ்ரீபனிடம் கேட்டேன், "படகுக்கு எப்ப போறாய்?"

"எந்தப் படகு அண்ணை?"

முற்றத்தில் மணல் அள்ளிக் கொட்டியிருக்கிறான். நெல் காயப்போடச் சீமெந்துத் தளம் போடுகிறானாம்.

மார்ச் 20, வியாழன்

பின்னேரம் சரீப் மோட்டார் சைக்கிளில் வந்து சுசிலா வீட்டு முற்றத்தில் இறங்கினார். கதிரை போட்டார்கள், தேத்தண்ணி வந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் பயிற்றங்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கொடிக்கு இன்று தண்ணீர் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது.

"தங்கச்சி, கடைக்கு வாற சனம் உங்கட அரிசியைக் கேக்குது. மிச்ச நெல்லையும் புழுக்கி எனக்கே தாங்கோ." ஒரு மிடறு குடித்தார். "என்ன விலை சொல்லுறியள்?"

அந்தக் கேள்வி சுசிலாவிடம் வந்தது இதுதான் முதல் தடவை. வேலியைப் பார்த்தாள்.

"அண்ணை, என்ன விலை சொல்லட்டும்?"

"நீ சொன்ன பிறகு எழுதுறன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து, சொன்னாள்.

சரீப் கோப்பையைக் கீழே வைத்தார். "அல்லாவே! மணம் போன அரிசிக்கே இவ்வளவோ?"

"மணத்தோட வேணுமெண்டால் அதுக்கு வேற விலை, நானா" என்றான் ஸ்ரீபன், சீமெந்துக் கரண்டியும் கையுமாக.

அவர் சிரித்து முடித்து, "சரி" என்றார். குறைத்துக் கேட்கவில்லை.

ஆசிரியருக்குப் போன் எடுத்து, நாளைய விலைப்பட்டியலில் அடியில் ஒரு வரிக்கு இடம் கேட்டேன். முரசுமோட்டைப் புழுங்கல் அரிசி. அதற்கு நேரே, சுசிலா சொன்ன விலை.