குட்டையாகிப் போன பயறு

கொல்லம் ஆண்டு 1129, ஆடி 10

சயன்ஸ் வகுப்பில் இன்று எஸ்தரை மணி அடிக்கும்வரை நிற்க வைத்தார் சார். நிற்க வேண்டியவள் நான்.

தேங்காய்ச் சிரட்டையில் நட்ட பயறை ஒரு நாள் நானும் மறுநாள் அவளுமாக அளந்தோம். இரண்டையும் சேர்த்துப் பட்டியல் எழுதியது நான். என் தேதிகள் 3, 5, 7. அவளுடையவை 20, 22, 24. எண்ணைப் பார்த்து அப்படியே வரிசையாக அடுக்கிவிட்டேன். நான் போட்டது ஆடி, அவள் போட்டது ஜூலை, என் ஆடி 3 அவளுக்கு ஜூலை 19 என்பது உறைக்கவே இல்லை. மூன்று அங்குலம் வளர்ந்த செடி அடுத்த வரியில் ஒன்றரை அங்குலமாகிவிட்டது.

சார் அதை உரக்க வாசித்தார். "ஏட்டி, செடி வெக்கப்பட்டு மண்ணுக்குள்ள போயிட்டா?"

வகுப்பே சிரித்தது. எஸ்தர் எழுந்து, "எனக்க தேதிதான் சார் தப்பு" என்றாள். நான் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "ஏன்ட்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுலதான் இங்கிலீஷ் தேதி. அதனால தப்பு எனக்கதுன்னு நெனச்சேன்" என்றாள்.

இப்போது எல்லாவற்றையும் ஜூலைக்கு மாற்றி எழுதிவிட்டேன். செடி ஒரு நாளும் குறையவில்லை. அடியில், 'முதல் பட்டியலைத் தப்பாக அடுக்கியவள்' என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். காலையில் அந்த வரியைக் கிழிக்காமல் இருக்க வேண்டும்.