ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

அம்மாவுக்கு, புனேயிலிருந்து காந்திமதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே.

வேலையில் ஒரு தவறு நடந்தது. பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை முதியவர்களுக்கு மாதாமாதம் இன்சுலின் கொடுக்கிறது. அவர்களுடைய எக்செல் பட்டியலைத் தானாகவே டேட்டாபேஸில் ஏற்றும் புரோகிராம் நான் எழுதியது. பெயர், கணவர் பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான் என்று ஒரு வரியை அது நீக்கிவிடும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் நம் பக்கம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். உன் ஆதார் கார்டிலேயே அதுதான் இருக்கிறது.

முன்பு விழுப்புரத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கையால் ஏற்றிய கலையரசி நேற்று போன் செய்தாள். என் புரோகிராமால் வேலை போனவள்.

“அக்கா, திருவெண்ணெய்நல்லூர்ல கோவிந்தம்மான்னு ரெண்டு பேர் இருக்காங்கக்கா. ரெண்டு பேர் வூட்டுக்காரரும் பச்சைமுத்துதான். நானா இருந்தா போன் போட்டுக் கேட்டிருப்பேன். ஒருத்தங்கள லிஸ்ட்ல பேரு இல்லன்னு ரெண்டு மாசமா திருப்பி அனுப்பிக்கினு இருந்திருக்காங்க.”

மூன்றாம் மாதம் அந்த அம்மா வரவில்லை. இறந்துவிட்டார்.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். பத்து நிமிட வேலைதான்.

அடுத்த பார்சலில் வறுக்காத மல்லாட்டை ஒரு படி போடு, இங்கே விற்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. நானே வறுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகும்.

இன்னொன்று. நீ உண்மையில் எந்த மாதம் பிறந்தாய்? நாள் தெரியாவிட்டால் மழைக்காலமா, அறுப்புக் காலமா என்றாவது பெரியம்மாவிடம் கேட்டு எழுது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

காந்திமதி