கதவுக்கு டபுள் பெல் கொடுத்தவனுக்கு

என் வலது கைப் பெருவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் இப்போதெல்லாம் கடையில் நிற்கிறேன். காயம் ஒன்றும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் இத்தனை வருஷம் எவர்சில்வர் விளிம்புகளோடு பழகியவன், ஒரு நாளும் இப்படிச் சுற்றியதில்லை. பக்கத்துக் கடைக்காரன் நேற்று கேட்டான்: "அண்ணே, கல்யாணப் பெண்ணு மாதிரி விரலை மூடி வச்சிருக்கியளே, மருதாணியா?" அவனுக்குச் சொல்லத் தொடங்கினால் கடை அடைக்கும் நேரம் ஆகிவிடும். உனக்குச் சொல்லலாம். கதையில் பாதி உன்னுடையது.

நீ மாட்டிக் கொடுத்த கைரேகைப் பூட்டு, போன மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரியை மழையில் நிறுத்திவிட்டது. கடைக்கு போன் செய்தாள்.

"இஞ்ச பாருங்க, நான் நம்ம வீட்டு வாசல்ல நிக்கேன்."

"உள்ள போயேன்."

"போனா எதுக்கு போன் பண்ணுதேன்? ஒங்க பூட்டு என்னைய யாருண்ணு கேக்கு."

"ஈரத்தைத் தொடச்சிட்டு வை."

"பத்து விரலும் வச்சாச்சு. இனி கால் விரல்தான் பாக்கி."

"அவசரத்துக்கு ஒரு தாக்கோல் உண்டுமே, அத எடு."

"அது உள்ள அலமாரியில இருக்கு. நீங்களும் அண்ணாச்சியும் சேந்து பத்திரமா வச்சது."

சாவியைத் தாக்கோல் என்று சொல்லிச் சொல்லி நமக்கும் மலையாளம் ஒட்டிவிட்டது. ஆனால் வெளியே மாட்டிக்கொண்டால் எடுக்க வேண்டிய சாவியை நீயும் நானும் வீட்டுக்குள்ளே பத்திரப்படுத்திய புத்தி எந்த மொழியிலிருந்து ஒட்டியது என்று தெரியவில்லை. பஸ் பிடித்து கரமனைக்கு ஓடினேன். அவள் தயிர்ப் பாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் விரல் வைத்த நொடியில் பூட்டு குழைந்தது. "ஓ, உங்களக் கண்டா மட்டும் சிரிக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த காப்பியில் சர்க்கரை இல்லை. மறந்துபோனது இல்லை என்று இரண்டாவது வாயில் புரிந்தது.

சனிக்கிழமை மகள் வந்தாள். கழக்கூட்டம் ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அதே மகள்தான். தன் வாடகை ஃபிளாட்டில் சாதாரண இரும்புப் பூட்டு தொங்கவிட்டிருப்பவள். "இதெல்லாம் செய்யுற ஆளுங்க எங்க கூடத்தான் சாப்பிடுதாங்க அப்பா. அதனால எனக்குப் பேடி" என்று முன்பு ஒருநாள் அவள் தன் பயத்தைச் சொன்னபோது, நீ ஒரு மணி நேரம் அவளோடு வாதாடினாய். அவள் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா விரல் தேஞ்சு போச்சு. பாத்திரம் கழுவி, சோப்புல ஊறி, ரேகையே இல்ல. வேற விரல் ஏத்தணும்."

"ஏத்து."

"அதுக்கு முதல் நம்பர் ஆள் விரல் வைக்கணும். அவர்தான் இதுக்கு முதலாளி. நீங்க ரெண்டாம் நம்பர். ஒண்ணு யாரு?"

நானும் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒண்ணு நீ.

உனக்கு ஞாபகம் இருக்கும், அது உன் சட்டம். வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு நீ போட்ட சட்டம். "எடே, வண்டி டிரைவர்க்கதுதான். ஆனா பெல்லு கண்டக்டர்க்கது. டபுள் பெல் கேக்காம வண்டி நகரப்பிடாது" என்பாய். ஆகவே நான் எந்தச் சாமான் வாங்கினாலும் நீ வரும்வரை பெட்டியைத் திறப்பதில்லை. நீ வாங்கினால் நான் வர வேண்டும். முதல் விரல் மற்றவனுடையது. "டிங் டிங்" என்று வாயால் சொல்லி அழுத்த வேண்டும். மிக்சி, போன், ரத்த அழுத்தம் பார்க்கும் பெல்ட், தானாகத் தரை பெருக்கி என் வேட்டியை விழுங்கிய அந்த வட்டப் பூதம், எல்லாவற்றுக்கும் இப்படித்தான் டபுள் பெல் நடந்தது. பூட்டுகளையும் ஜோடியாகத்தான் வாங்கினோம். என் கதவில் உன் விரல் முதலில் ஏறியது. உன் கதவில் என் விரல். முதலில் ஏறும் விரல்தான் முதலாளி என்று மேனுவலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். நாம் மேனுவல் வாசிக்கிற ஆட்களா? பத்தாவது வரைக்கும் வாசித்ததே போதும் என்று நிறுத்தியவன் நான். நீயோ, "மேனுவல் வாயிக்கிறவன் மெஷினை நம்பாதவன்" என்று தத்துவம் பேசியவன்.

காலமெல்லாம் டிக்கெட் கிழித்த உன் பெருவிரலை அந்தப் பூட்டு ஒரே தொடுதலில் ஏற்றுக்கொண்டது. என் வீட்டுக்காரியின் விரலுக்கு அன்றைக்கே ஒன்பது முறை. அப்போதே அவள் சொன்னாள், "இத உண்டாக்குனவன் ஒரு நாளும் கரிச்சட்டி தேச்சிருக்க மாட்டான்" என்று. நான் சிரித்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், தொழில்நுட்பம் பற்றி என் வீட்டில் பேசப்பட்ட கருத்துகளில் உருப்படியான ஒன்று அதுதான்.

என் கருத்துகளும் குறைந்தபாடில்லை, கேட்டுக்கொள். புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் என் போனில் வந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று அறிய அனுமதி கேட்கிறது. எதற்கு? துணியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வரப்போகிறதா? மின்விசிறிக்குக் கணக்குத் திறந்து கடவுச்சொல் வைக்க வேண்டுமாம். வியர்த்து வழிய நின்று, ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரக் குறி என்று யோசித்து முடிப்பதற்குள் கடற்காற்றே வந்துவிட்டது. ஓடிபி எப்போதும் நான் எந்த போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தேனோ அதற்குத்தான் வரும். ஆனால் எடே, போனோடு இப்போது தமிழில் பேசலாம்! நீ பார்க்காமல் போய்விட்டாயே என்று அன்றைக்குக் குதித்தேன். "மழை பெய்யுமா, குடை எடுக்கணுமாடே?" என்று கேட்டால், செய்தி வாசிக்கும் அம்மா குரலில் மரியாதையாகப் பதில் வருகிறது. நம்முடைய பாதித் தமிழும் பாதி மலையாளமும் அதற்கு எப்படியோ பிடிபட்டுவிட்டது. நான் 'டே' போட்டதற்கு அது கோபித்துக்கொள்ளவும் இல்லை. உனக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, தலைமாட்டில் ஓடிய கருவியைக் காட்டி, "எடே, இதுக்க டிஸ்பிளே கொள்ளாம், அல்லே?" என்று கேட்டவன் நீ. நல்ல டிஸ்பிளேதான். நான் தலையாட்டினேன். அதில் ஓடிய எண்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பூட்டுக்கு வருகிறேன். மகள் வழி சொன்னாள்: பேட்டரிக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை, அதில் ஊசியால் ஐந்து நொடி அழுத்தினால் எல்லாம் அழிந்து புதுப் பூட்டாகிவிடும். எல்லாம் என்றால் உன் விரலும்.

நான் உடனே புத்திசாலியாகிவிட்டேன். "எதுக்கு அதெல்லாம்? தாக்கோல் இருக்குல்லா? அம்மா அத முந்தானையில முடிஞ்சுக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "எல்லாரும் விரல் வச்சு ஏறுங்க. நான் மட்டும் வேலைக்காரி மாதிரி தாக்கோல் தூக்கிட்டு நடக்கேன். போய் எட்டு மாசம் ஆன மனுசன் விரலுக்கு இந்த வீடு தெறக்கும், எனக்குத் தெறக்காது. அப்படித்தானே?"

மகள் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். நான் பூட்டைப் பார்த்தேன். பிறகு வீட்டுக்காரியே குரலை இறக்கினாள். "அண்ணாச்சி இருந்திருந்தா என்னைய மழையில நிக்க விட்டிருப்பாரா? பூட்டக் கழத்தி ஆத்துல எறிஞ்சிருப்பாரு."

உண்மை. எறிந்துவிட்டு அடுத்த வாரம் புதுசு ஒன்று வாங்கவும் சொல்லியிருப்பாய்.

"ஊசி எடு" என்றேன் மகளிடம். அவள், "இருங்க அப்பா, யார் யார் எப்போ வந்தாங்கண்ணு உள்ள கணக்கு இருக்கும். அதுவும் போயிடும். எடுத்து வச்சுக்கலாம்" என்று முழுப் பட்டியலையும் என் போனுக்கு அனுப்பினாள். நாலரை மணிக்கு ஒண்ணு, நாலரை மணிக்கு ஒண்ணு என்று நீ டீக்கு வந்த வரிசை. ஒருநாள் நாலு இருபது. அன்றைக்கு டீயோடு பழம்பொரி என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

நாங்கள் நாகர்கோவிலில் மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று நாள். வீட்டில் ஆள் இல்லை. ஒண்ணு, காலை பத்து மணி. ஒண்ணு, மதியம் இரண்டு. மறுநாளும் ஒண்ணு. மூன்றாம் நாளும்.

அந்தக் கல்யாணத்துக்கு முன் என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். நான் மாட்டிய புத்திசாலி பல்புகள் இஷ்டத்துக்கு அணைந்து எரிந்தன. டிவி அரபியில் பேசியது. வைஃபை அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் போராடினேன், முடியவில்லை. "சாரமில்ல, கவலப்படாம போயிட்டு வா. எல்லாம் அதுவா சரியாவும்" என்று நீ பஸ் ஏற்றிவிட்டாய். திரும்பி வந்தால் எல்லாம் சரியாக இருந்தது! பல்பு சொன்னபடி கேட்டது. டிவி தமிழ் பேசியது. நான் என்ன செய்தேன்? வெற்றி விழா எடுத்தேன். "பாத்தியா, அப்டேட்! ராத்திரி தானா வந்து, மெஷின் தன்னைத்தானே சரிபண்ணிக்கிடும். மனுசனுக்குத்தான் பொறுமை இல்ல" என்று வீட்டுக்காரிக்கு, மகளுக்கு, கடைக்கு வந்த ஆட்களுக்கு, குக்கர் வாசர் மாற்ற வந்த கிழவிக்குக்கூட வகுப்பு எடுத்தேன். தொழில்நுட்பம் பற்றி என்னிடம் இருந்த ஒரே சித்தாந்தம் அது: எதுவும் அப்டேட்டில் சரியாகும். அதை நான் முழக்கும்போதெல்லாம் நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "ஆமாடே, அப்டேட்டு பெரிய காரியம்" என்று தலையாட்டினாய். ஒரு முறைகூட உன் முகம் மாறவில்லையே, படுபாவி!

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். "அப்டேட்டு வந்து குடிச்சிட்டுப் போன டம்ளர் ஒண்ணு கழுவாம இருந்துது."

பிறகு ஊசியால் அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பூட்டு நீளமாக ஒரு சத்தம் போட்டு அமைதியானது. அடுத்த விரல் முதலாளி விரல். சட்டப்படி நான் டிரைவர், பெல் அடிக்கக் கூடாது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். பெருவிரலை மறுபடியும் பூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. மோதிர விரலை வைக்கச் சொன்னாள் மகள். முதல் தொடுதலில் பச்சை விளக்கு. "இந்த ஒரு விரல்தான் வீட்டுல வேலை செய்யாம இருந்திருக்கு, ஒங்கள மாதிரி" என்று என்னைப் பார்த்தாள் வீட்டுக்காரி. நான் வாயால் "டிங் டிங்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு அந்தச் சட்டம் தெரியும். எல்லாப் பெட்டியும் நாம் பிரிக்கும்போது அட்டையைப் பொறுக்கியவள் அவள்தான். அவளும் மெதுவாக "டிங் டிங்" என்றாள்.

இனி துணிச்சுற்றுக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்காரி, நம்ம மைனி, போனில் கூப்பிட்டாள். உன் மருமகளின் விரலை உன் வீட்டுப் பூட்டில் ஏற்ற வேண்டுமாம். "தம்பி, பூட்டுக் கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சாத்தான் முடியும்ங்கான். அவங்க விரல் அதுல கிடக்கே. அழிக்க எனக்கு மனசு கேக்கல."

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "மைனி, யாரையும் தொட விடாதீங்க! அதுக்கு முதலாளி நான்தான்!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. உன் வீட்டுக்கு ஓடினேன். ஒன்றரை நிமிஷ வேலை. என் பெருவிரல் வைத்தேன், மருமகள் விரல் ஏறியது. இரண்டாம் நம்பரில் நீ அப்படியே இருக்கிறாய். நம்முடைய முட்டாள்தனம் உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அன்றைக்கு நாம் மேனுவல் வாசித்திருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லு!

அந்த விரலை எவர்சில்வர் விளிம்புக்குக் கொடுப்பேனா? அதுதான் துணி.

அதோடு முடியவில்லை. மைனி நாலு நாள் போனக்காடு ஊரில் இருக்கும் தங்கைக்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகளும் பிரசவத்துக்குத் தாய் வீட்டில். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம்தான் பொறுப்பு. ஊற்றினேன். கூடத்தில் உன் டிவி படம் மட்டும் காட்டிக்கொண்டு ஊமையாக நின்றது. மாதக் கணக்காக அப்படித்தான் என்று மைனி முன்பே சொல்லியிருந்தாள். மூன்று மதியம் அதோடு மல்லாடினேன். மேனுவல் வாசித்தேன், எடே! முழு மேனுவல், இங்கிலீஷில், மகளிடம் போனில் அர்த்தம் கேட்டுக் கேட்டு. கடைசி நாள் அது வாய் திறந்தது. நான் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் உன்னைவிட நான் கொஞ்சம் உஷார்.

இன்று நாலரைக்கு மைனி டீக்குக் கூப்பிட்டிருந்தாள். உன் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தேன். டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "தம்பி, ஒரு அதிசயம் கேட்டியளா? டிவி தானா பேச ஆரம்பிச்சிட்டு. ஏதோ அப்டேட்டு வந்திருக்கும்ணு மருமக போன்ல சொல்லுதா."

டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.

"ஆமா மைனி" என்றேன். "அப்டேட்டு பெரிய காரியம்."