பின்கதவும் சாக்பீஸ் பொடியும்

பிப்ரவரி 3

பின் இருக்கை அறிக்கையை இன்று முடித்துக் கொடுத்தேன். ‘ஏறி இறங்க வசதி: நன்று.’ எங்கள் சின்னக் கார் இன்னும் கார் ஆகவில்லை. பலகையும் நுரையும் வைத்துச் செய்த மாதிரி ஒன்று, சக்கரமில்லாமல் ஆலையின் மூலையில் நிற்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாங்கள் எட்டுப் பேர் மாற்றி மாற்றி அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர் போகிற கார். பெரியவரைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தது நான்தான்.

வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறாரே. அப்பா. நெடிய ஆள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு குனிய முடியாது. கடைசியாக ஏறியது ஒரு டாக்ஸியில். நானும் டிரைவரும் சேர்ந்து உள்ளே தள்ளினோம். “என்ன பொட்டலம் மாதிரி மடிச்சுத் திணிக்காதீங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அதோடு சரி, எந்தக் காரும் வேண்டாம். அத்தை வீடு அரை நாள் பயணம். அத்தைக்கும் மூட்டுவலி, வர முடியாது. அக்காவும் தம்பியும் தினமும் போனில் சண்டை போட்டுத்தான் ஒருவரையொருவர் பார்க்காத ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9

காலையில் வாடகைக் காரில் ஏறும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “கழுத்துல பிடிப்பா?”

“இல்லையேப்பா.”

“அப்புறம் ஏன் கோழி மாதிரி தலையச் சாய்ச்சுக்கிட்டு ஏறுற?”

பொழுது போகாத மனிதர். எதையாவது சொல்வார்.

பிப்ரவரி 10

அவர் சொன்னது உண்மை. சாய்க்கிறேன்!

நான் மட்டுமா? இன்று டீயோடு ஓரமாக நின்று மற்றவர்களைக் கவனித்தேன். அத்தனை பேரும் மாதிரியின் பின்கதவுக்குள் நுழையும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார்கள். மேலாளரும்கூட. யாருக்கும் அது தெரியவே இல்லை. கதவின் மேல் விளிம்பு தாழ்வாக இருக்கிறது. இடித்து இடித்து எங்கள் கழுத்து எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. இதற்கா ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன்? அசடு, அசடு.

பிப்ரவரி 11

கோட்டுக்காரரிடம் சொன்னேன். அவர்தான் வடிவமைப்பாளர். கூரை பின்பக்கம் சரிகிற அந்த ஒரு கோட்டைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது. அதனால் இந்தப் பட்டப்பெயர்.

“இத்தனை நாளா ஏறுறோம். யார் தலையும் இடிக்கலையே?”

“நாம பழகிட்டோம் சார்.”

“அப்ப வாங்கறவங்களும் பழகிக்குவாங்க.”

சுர்ரென்று வந்தது. பழகிக்குவாங்களாம்! முதுகே வளையாத மனுஷன் எதப் போய்ப் பழகறது? அங்கே தலையாட்டிவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் கூரை அளவு முடிவாகிவிடும். பிறகு கூரைத் தகட்டை அழுத்தும் அச்சு செய்யப் போய்விடும். யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

பிப்ரவரி 17

இன்று ஒரு வேலை செய்தேன். சாக்பீஸைப் பொடித்துப் பின்கதவின் மேல் விளிம்பில் தடவினேன். காரையே பார்த்திராத ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன்: கணக்குப் பிரிவு, சமையலறை, வாசல் காவலாளிகள். “சும்மா ஒரு தடவ உக்காந்து பாருங்க.”

மதியம் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எந்த மேசையைப் பார்த்தாலும் நெற்றியில் வெள்ளை, முடியில் வெள்ளை. கணக்குப் பிரிவு அம்மா ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று வாங்கிக்கொண்டு என்னை முறைத்தபடி சாப்பிட்டார்.

“என்ன இது, எல்லாரும் வெள்ளையடிக்கப் போனாங்களா?” என்றார் மேலாளர்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கோட்டுக்காரரின் அறைக்குப் போனார்.

பிப்ரவரி 18

கோட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிப்ரவரி 19

இன்றும். போகட்டும்.

பிப்ரவரி 24

அவரே வந்தார், கையில் புது வரைபடத்தோடு. கூரையின் உச்சியை ஒரு சாண் பின்னால் தள்ளியிருக்கிறார். கதவின் மேல் விளிம்பு இரண்டு விரல் உயர்ந்திருக்கிறது. கோடு? சத்தியமாகச் சொல்கிறேன், முன்பைவிட அழகு.

“நான் முதல்லயே இப்படித்தான் யோசிச்சிருந்தேன்” என்றார்.

“ஆமா சார்” என்றேன். எனக்குக் கதவு கிடைத்தது, போதும்.

போகிறவர் திரும்பிக் கேட்டார்: “கழுத்து சாயறத எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“நான் இல்ல சார், எங்கப்பா.”

“அவரக் கூட்டிட்டு வாங்களேன். புது மாதிரியில ஏறிப் பாக்கட்டும்.”

“அவர் இங்க வரணும்னாலே கார்ல ஏறணுமே சார். ஏற மாட்டார்.”

வரைபடத்தில் கதவைத் தட்டிக் காட்டினார். “ஏறுவார்” என்றார். கோபமெல்லாம் எனக்கு அப்போதே போய்விட்டது.

மார்ச் 20

புது மாதிரி வந்தது. மறுபடி பொடி, மறுபடி அதே ஆட்கள். கணக்குப் பிரிவு அம்மா ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். கழற்ற வைத்து ஏற்றினேன். கடைசி ஆள் இறங்கிய பிறகும் பொடி வைத்தபடி இருந்தது.

மறு வருடம், ஜூன் 14

கார் விற்பனைக்கு வந்து, ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, “ரொம்பச் சின்னதா இருக்கே” என்றார். நான் ஏறச் சொல்லவில்லை. சொன்னால் கண்டிப்பாக ஏற மாட்டார்.

ஜூன் 16

அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் காலையில் சொன்னேன். பையை வைக்கப் பின்கதவைத் திறந்தவள், தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே வந்தேன். அப்பாவின் நாற்காலி காலி. செருப்பையும் காணோம். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது: “வீட்டப் பூட்டிட்டு வா! எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கிறது?”

பின் இருக்கையில் இருந்தார், கைத்தடி மடியில். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பெல்ட்டைத் தேடுவது போல் நேரம் கடத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். படிய வாரிய முடி கலையவே இல்லை. வழி நெடுக ஏசி குளிர்கிறது, நான் வேகமாக ஓட்டுகிறேன் என்று ஒரே புகார்.

அத்தை வாசலுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். “எப்படிடா கார்ல ஏறி வந்த?”

“கதவு வழியாத்தான்” என்றார் அப்பா. “வேற எப்படி ஏறுவாங்க?”