ரோஸி மாமிக்கு எந்த வீட்டில் துக்கம்?

என் ரோஸி மாமிக்கு,

நீங்கள் துடைத்து மூடி வைத்த ஓவனின் மேல்துணியை நான்தான் எடுத்தேன். கோபப்படாதீர்கள். உங்கள் பிஸ்கட்டை உங்கள் பக்குவப்படியே செய்தேன். மைதா, ரவை, நெய், ஏலக்காய்; உள்ளே வைக்க, கொட்டை நீக்கி நெய்யில் பிசைந்த பேரீச்சம்பழம். கதவைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்பீர்களே, அதனால் பார்க்காமலே இருந்தேன். முதல் தட்டு கருகிவிட்டது. இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. முள்கரண்டியால் போட்ட கோடுதான் உங்களுடையதைப் போல நேராக இல்லை.

யாருக்காகச் சுட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் பிறந்ததுமே தெருவில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நம் வீட்டில் கட்டமாட்டோம் என்று நினைத்திருந்தேன். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கிடையாது, பலகாரம் சுடுவது கிடையாது, மற்ற வீடுகள்தான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும். இது நம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் போனது ஜூலையில். உங்கள் துணிகள் இன்னும் நம் வீட்டுக் கொடியில்தான் கிடக்கின்றன. ஆனாலும் அப்பா பரணில் ஏறி நட்சத்திரத்தை இறக்கினார்.

"அப்பா, இது மாமி செத்த வருஷம்லா? நட்சத்திரம் கெட்டலாமா?"

"ஏட்டி, அவ கெட்டிக்குடுத்த பொண்ணு. துக்கம் அவ மாப்பிள வீட்டுக்குள்ளது. அத நாம எடுத்து வச்சா மொற கெட்டுப்போவும்."

"ஒங்க கூடப்பெறந்த ஒரே தங்கச்சி" என்றாள் அம்மா, மீனைக் கழுவிக்கொண்டே.

"நீ ஒனக்க சோலியப் பாரு."

நான் வாசித்த புத்தகங்களில் துக்கம் மனதில் இருக்கும். இங்கே அதற்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது, மாமி.

நீங்கள் குவைத்திலிருந்து வந்த நாளை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓவன் பெட்டியோடு, உங்களைக் கட்டிக்கொடுத்த மாமா வீட்டு வாசலில் நின்றீர்களாம். அவர்கள் பெட்டியை மட்டும் உள்ளே எடுக்கத் தயாராக இருந்தார்களாம். அந்நிய நாட்டில் தனியாக வீட்டுவேலை பார்த்தவள் என்று, நீங்கள் அனுப்பியதைத் தின்றவர்களே பேசினார்களாம். வந்த ஆட்டோவிலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தெரு முழுக்க உங்கள் பிஸ்கட். 'குவைத் பிஸ்கட்' என்று பேர் வைத்து ஆசையாகத் தின்றார்கள். பைப்படியில் குடம் நிறையும் நேரத்தில் உங்களைப் பற்றியும் பேசினார்கள். உங்களுக்கு அது தெரியும்தானே? தெரிந்துமா அத்தனை டப்பாக்களை நிறைத்தீர்கள்?

அப்பா சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். துக்கம் மாமா வீட்டுக்கு உரியது என்றால், பலகாரத் தட்டும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்காகத்தான் சுட்டேன். யாரோ ஒருவர் உங்களுக்காக நட்சத்திரம் கட்டாமல் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. அம்மா பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாள். டப்பாவைத் தொட்டுப் பார்த்து, "சூடு ஆறட்டும், பொறவு மூடு" என்றாள்.

குளச்சலில் பஸ் மாறிப் போய் இறங்கும்போது நல்ல வெயில். அந்த வெயிலிலும் மாமா வீட்டு முகப்பில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. நம்முடையதைவிடப் பெரியது. உள்ளிருந்து அச்சப்பம் வேகும் எண்ணெய் மணம் வந்தது. உங்கள் மாமியார் வெளியே வந்தார்.

"ஆரு மக்கா நீ?"

"ரோஸி மாமிக்க அண்ணன் மவ."

"அதுக்கு இங்க என்ன?"

"துக்க வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தேன்."

அவர் அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "துக்க வீடா? அவ இங்கயா கெடந்தா? ஒங்க வீட்டுலதான தின்னா, ஒங்க வீட்டுலதான செத்தா. துக்கமும் அங்கதான் இருக்கும், போய்த் தேடு." பிறகு டப்பாவைப் பார்த்துக் குரல் இறங்கியது. "அது குவைத் பிஸ்கட்டா? கொண்டா இங்க, பிள்ளேளு திங்கும்."

டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். "பெரிய எளவு பிஸ்கட்டு! கொண்டு போ, ஏட்டி!" என்ற சத்தம் ரோடு வரைக்கும் வந்தது.

'ஏதிலி' என்ற சொல்லைப் பாடத்தில் படித்தபோது, போரில் நாட்டை விட்டு வந்தவர்கள் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். செத்த பிறகு ஒருவர் ஏதிலி ஆக முடியுமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். யாரிடம் கேட்பது?

தெருவில் நுழைந்ததும் அடுத்த வீட்டு பிலோமினா அக்கா பிடித்துக்கொண்டார். "ஏட்டி ஷைனி, கையில ரோஸிக்க பிஸ்கட்டா? இந்த வருஷம் வாயில மண்ணுதான்னு நெனச்சேன். ஒண்ணு தா பாப்போம்."

"இல்லக்கா. எங்க வீடு துக்க வீடு. நாங்க குடுக்கப்பிடாது."

"ஒங்கப்பன் நட்சத்திரம் கெட்டியிருக்கானே!"

"அவரு கெட்டினாரு. நான் கெட்டல்ல."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பைப்படியில் உங்களைப் பற்றி அதிகம் பேசியவர் அவர்தான். நான் மறக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டோடு நம் வாசலுக்கு வந்தவரும் அவர் மட்டும்தான். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும். அப்பா கையில் கொடுத்து, "துக்க வீட்டுக்குள்ளது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா தட்டோடு நின்றார். தலைக்கு மேலே நட்சத்திரம் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது. சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. உள்ளே வந்து தட்டை மேசையில் வைத்தார்.

"தட்ட வெறுந்தட்டாக் குடுக்காதட்டி. நீ சுட்ட பிஸ்கட்ட வச்சுக் குடு."

பண்டிகைக்கு வந்த தட்டில் பதிலுக்கு எதையாவது வைத்துத்தான் கொடுப்போம். துக்க வீட்டுத் தட்டு மட்டும்தான் வெறுமையாகத் திரும்பும். இது அப்பாவுக்குத் தெரியாதா? பலகாரத்தை வேறு பாத்திரத்தில் மாற்றினேன். தட்டைக் கழுவித் துடைத்தேன். அதில் ஒன்றும் வைக்காமல் எடுத்துக்கொண்டு நடந்தேன். "ஏட்டி!" என்றார் அப்பா. நான் நிற்கவில்லை. பிலோமினா அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார்.

வேறு எந்த வீட்டிலிருந்தும் தட்டு வரவில்லை. அப்பா நட்சத்திரத்தை அணைக்கவும் இல்லை. இதை எழுதும்போதும் அதன் வெளிச்சம் தாளில் விழுகிறது. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை, மாமி. உங்களுக்காக இந்தக் கிறிஸ்மஸில் எந்த வீடும் இருட்டாக இல்லை. ஒரு தட்டு மட்டும் வெறுமையாகப் போனது.

என்னையும் ஒரு நாள் கெட்டிக்குடுத்துவிடலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். நான் படிப்பேன், வேலைக்குப் போவேன். என் பெயரில் ஒரு வாசல் கிடைக்கும் முதல் டிசம்பரில் அங்கே நட்சத்திரம் இருக்காது, அடுப்பில் பலகாரம் வேகாது. இந்த வீட்டில் யார் செத்தது என்று கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் பெயரைச் சொல்வேன். எத்தனை வருஷம் கழித்து என்றாலும் சொல்வேன்.

உங்கள் அண்ணன் மகள்,
ஷைனி