பூட்டுப் போட்ட ஒரு ஏக்கர்

ஓசூர்
17-11-2025, திங்கள், காலை 6.40

அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து ஒன்பது முறை போன் அடித்துவிட்டேன். நீங்க எடுக்கவில்லை. கடைசியில் அம்மா எடுத்து, "உங்கப்பா யார்கிட்டயும் பேசறதில்லடா, நீ எழுதினா படிப்பாரு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நம்ம நிலத்தில் கம்பி வேலி நிற்கிற போட்டோவைத் தங்கச்சி எழில் அனுப்பினாள். யார் போட்டது? எதிலாவது கையெழுத்துப் போட்டீங்களா? அது பஞ்சமி நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம காலனி ஜனங்களுக்கென்று கொடுத்தது. வேறு ஆள் வாங்க முடியாது. வாங்க முடியாததை இப்படித்தான் வளைப்பாங்க. எனக்கு வேலையே ஓடவில்லை. சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்க.

மாறன்


அடி அண்ணாமலை
19-11-2025

அன்பு மகன் மாறனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

கையெழுத்து எதிலும் போடவில்லை. ரெண்டு வருஷமாகப் போர்க் கிணறு காய்ந்து மல்லாட்டைப் பயிர் கருகிப்போனது உனக்குத் தெரியும். நிலம் சும்மா கிடந்தது. புரோக்கர் அப்பாதுரை வந்து, "மாடு மேயுதே, என் செலவுல வேலி போட்டுத் தரேன்" என்றார். அவங்க ஊர்த்தெரு ஆள் ஒருத்தர் நம்ம காலனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, உங்கம்மா போட்ட டீயைக் குடித்தது இதுதான் முதல் தடவை. எப்படி வேண்டாம் என்பது?

வேலி முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார். சாவி கேட்டேன். "பூட்டாதப்ப மட்டும் என்னத்தய்யா வெளஞ்சுது, பலராமா?" என்று சிரித்தார். இப்போது கெஸ்ட் ஹவுஸ் கட்ட முப்பது வருஷக் குத்தகை என்று பேப்பரை நீட்டுகிறார்.

தினமும் போகிறேன். வெளியே உட்கார்ந்து, கம்பிக்குள் கை எட்டுகிற வரைக்கும் கோரை பிடுங்கிவிட்டு வருகிறேன். அதற்கு மேல் எட்டவில்லை.

நீ வராதே. உனக்கு வாய் அடங்காது. சண்டை ஆனால் அடி காலனிக்குத்தான்.

பலராமன்


ஓசூர்
21-11-2025, வெள்ளி

அப்பாவுக்கு,

ஒரு டீக்கு ஒரு ஏக்கரா? படித்ததும் கத்தினேன், பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்துவிட்டான். பிறகு அந்தக் கோரை பிடுங்குகிற இடத்தை மறுபடி படித்தேன்.

இந்தப் பருவம் கிராமக் கணக்கில் தரிசு என்று ஏறினால், நிலம் சும்மாதான் கிடக்கிறது என்று காட்ட அப்பாதுரைக்கு அதுவே போதும். பயிர் என்று ஏற வேண்டும், உங்க பேரில். ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. செய்யப்போவது:

1. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறேன். திங்கள், செவ்வாய் லீவு.
2. பூட்டை அறுக்கக் கட்டிங் மெஷின் கொண்டு வருகிறேன். அறுப்பதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிடலாம்.
3. கொள்ளு விதை வாங்கிவிட்டேன். பனி ஈரத்திலேயே வரும், போர் வேண்டாம்.
4. முளைத்ததும் மறுபடி லீவு போட்டு வருகிறேன். கணக்கு எழுதுகிற வி.ஏ.ஓ.வை வயலுக்கே கூப்பிடுவோம்.
5. யார் பயிர் என்று அவர் கேட்டால் நீங்க சொல்லுங்க. நான் பக்கத்தில் நிற்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

மாறன்