கடைசி வரிசையில் ஒரு கொரோலா

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இன்று காரை வெளியே எடுத்தேன்.

கிளப் செயலாளர் ஆனந்த் சாப் நேற்று எனக்குப் போன் செய்தார். வாசுதேவன்ஜியின் போன் அணைந்தே கிடக்கிறது, நாளைக்குக் கண்காட்சிக்கு வண்டி வருமா வராதா என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? இவர் அக்டோபரில் வீட்டை விட்டுப் போனது அவருக்குத் தெரியாது. எனக்கும் மகள் கவிக்கும் போலீசுக்கும் தவிர யாருக்குமே தெரியாது. பாங்கிலும் காலனியிலும் "வெளியூர் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பாங்குக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பையோடு கிளம்பிப் போனார். மாலையில் ஒரு மெசேஜ் வந்தது. என்னைத் தேட வேண்டாம், நன்றாக இருப்பேன். அவ்வளவுதான். இஷ்டப்பட்டுப் போன மனிதரை எங்கே போய்த் தேடுவது என்று போலீஸ்காரர் என்னிடமே கேட்டார்.

எதைத் தவறவிட்டாலும் இவர் கார் கண்காட்சியைத் தவறவிட மாட்டார். வண்டி அங்கே நின்றால் இவரும் வரலாம் என்று தோன்றியது.

வரவில்லை.

ரோல்ஸ் ராய்ஸ்கள் முன்வரிசையில் நின்றன. நம்முடையது கடைசி வரிசையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஒரு சிறுமி தன் அம்மாவிடம், இது வெறும் கார்தானே, இதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று இந்தியில் கேட்டாள். சரியான கேள்வி. 1974 டொயோட்டா கொரோலா, வெளிர் மஞ்சள். என் மாமனார் இங்கே டெல்லியில் ஒரு தூதரகத்தில் டைப்பிஸ்ட். அவர்கள் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கும் அதில்தான் கூட்டிப்போனார். ஐம்பது வயது தாண்டியதால் அதற்கு விண்டேஜ் வண்டி என்று தனி நம்பர் பலகை கிடைத்தது. மற்ற பழைய வண்டிகளைப் போல உடைக்கப் போட வேண்டியதில்லை. அந்தப் பலகையை மாட்டிய பிறகுதான் இவர் போனார்.

ஜனவரி 13, திங்கள்

தோள் வலிக்கிறது. அந்த ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

கவி புனேயிலிருந்து பேசினாள். கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் நானும் காரும் இருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

"மம்மி, நீ எதுக்கு அந்தக் கார எடுத்துட்டு சுத்தற? மதலப், யாருக்காக?"

சும்மாதான் என்றேன்.

"அப்பா வந்தா வீட்டுக்கு வரட்டும். பார்க்கிங்லயா வந்து நிப்பார்?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். கோபப்பட்டிருக்க வேண்டும். நானும் எதற்காவது கோபப்பட்டால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

குர்கானில் கண்காட்சி. இந்த முறை மடக்கு ஸ்டூல் ஒன்றும் தெர்மாஸும் எடுத்துப் போனேன். பானெட்டைத் திறந்து நிறுத்தி வைக்கப் பழகிவிட்டேன். கேட்பவர்களுக்கு வருஷம், மாடல், பெட்ரோல் என்று மூன்று பதில்கள். மைலேஜ் கேட்டால் சிரித்துவிட்டால் போதும். மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பக்கத்தில் மிஸஸ் கோலியின் ஃபியட். எழுபது வயதிருக்கும், அவரே ஓட்டி வருகிறார். எனக்கு ஒரு பரோட்டாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, வாசுஜி இல்லாமல் இந்தப் பக்கமே களையிழந்து கிடக்கிறது என்றார். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாராம். ஆனந்த் சாப் நடப்பதுபோல் நடந்து காட்டுவாராம். "அந்த ரசம் கதை! எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. வீட்டில் உங்களுக்குத் தினமும் இதே கூத்துதானே?"

ஆமாம் என்றேன்.

எந்த ரசம்? என்ன கதை?

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் இவர் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். கவியின் பட்டமளிப்பு அன்று போட்டோவுக்காகச் சிரித்தார். அதற்கு முன்? டிவி பார்த்துச் சிரித்திருப்பார். நான் சமையலறையில் இருந்திருப்பேன்.

"காபி?" "ம்." "கரண்ட் பில் கட்டியாச்சா?" "ம்." "தலைவலியா?" "இல்ல."

இதைத்தான் நான் அமைதியான மனிதர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட.

மார்ச் 8, சனி

பாங்க் லீவு. வண்டி இரண்டு நாளாகக் கிளம்பும்போது இருமியது. மாயாபுரிக்கு ஓட்டிப்போனேன். இவர் எப்போதும் அங்கே மெக்கானிக் இஷ்தியாக்கிடம்தான் விடுவார்.

இஷ்தியாக் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே, வெயில் காலத்துக்கு முன்னால் பெட்ரோல் குழாயை மாற்றிவிடச் சொல்லி பாய்சாப் சொல்லியிருந்தார், இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றான். அவனுக்கு இவர்தான் பாய்சாப்.

எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

தலை வெளியே வரவில்லை. கை மட்டும் நின்றது.

போன வாரம். அதற்கு முந்தின மாதமும். நவம்பரிலிருந்தே பேசுகிறாராம். வேறு நம்பர். பேட்டரியை வாரம் ஒரு தடவை சார்ஜ் செய்கிறார்களா, கவர் போட்டிருக்கிறதா, யார் ஓட்டுகிறார்கள். நான்தான் ஓட்டுகிறேன் என்று இவன் சொன்னதும் கிளட்சை மிதித்தபடியே ஓட்டிவிடப் போகிறாள், சொல்லிக் கொடு என்றாராம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். மன்னித்துவிடுங்கள் தீதி, உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றான்.

வேறு என்ன கேட்டார்?

இஷ்தியாக் யோசித்துப் பார்த்தான். யோசித்தது எனக்காகத்தான், எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமே என்று. பிறகு, வேறு ஒன்றும் இல்லை தீதி என்றான்.

நம்பரை வாங்கிக்கொண்டேன். குழாய் மாற்றி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல டீ கொடுத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

போன் செய்யவில்லை.

மார்ச் 13, வியாழன்

நாளை ஹோலி. காலனிப் பிள்ளைகள் சாயம் அடித்துவிடுவார்களே என்று காருக்கு இரட்டைக் கவர் போட்டேன். கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. யாருக்காக நான் இதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்? அவிழ்த்துவிடலாமா? சாயம் அடிக்கட்டுமே.

முடிச்சைப் போட்டுவிட்டு மேலே வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு கேட்டாள், "அப்பா நம்மளப் பத்தி என்ன கேட்டாராம்?"

"பெட்ரோல் குழாய மாத்தச் சொன்னாராம்."

"மம்மி, நான் கேக்கறது..."

"அதான் சொல்றேன் கவி. அத மட்டும்தான் கேட்டாராம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

மார்ச் 29, சனி

இஷ்தியாக்குக்குப் போன் செய்தேன். அடுத்த முறை அவர் பேசினால் ஒன்று மட்டும் சொல் என்றேன். ஏப்ரல் ஆறாம் தேதி கண்காட்சிக்கு வண்டி வரும். சீசனில் அதுதான் கடைசி.

நான் வருவேன் என்று சொல்லச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்தார்.

பதினோரு மணி வெயில். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"பானெட்ட மூடிடு சாந்தா. வெயில்ல ரொம்ப நேரம் திறந்து வெக்கக் கூடாது."

கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி. இளைத்திருந்தார். கண்ணாடி புதுசு. சட்டை நான் வாங்கியதில்லை. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார்.

இத்தனை நாளில் எத்தனையோ கேள்விகளை மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் முதலில் வந்தது. ரூர்க்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறாராம். ஒரு ரூம். தனியாகத்தான். நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்று அவராகவே இரண்டு முறை சொன்னார். நம்பினேன். நம்பியதும் அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உம்மேல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்குள்ள வந்தா எனக்கு வாயே எழ மாட்டேங்குது. வருஷக்கணக்கா இப்படித்தான். நீயும் பாத்திருப்பியே."

"அசதின்னு நெனச்சேன்."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்."

அப்போது ஒரு சர்தார்ஜி குடும்பத்தோடு வந்து, இந்தச் சின்ன வண்டி மலை ஏறுமா என்று கேட்டார். இவர் அவர் பக்கம் திரும்பினார். குரலே மாறிவிட்டது. தோள் நிமிர்ந்தது. ஏறுமாவா என்று ஆரம்பித்தார் இந்தியில். எண்பத்திரண்டில் அப்பா எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நைனிடால் போனார். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவின் மடியில் ஒரு தூக்கு நிறைய ரசம். அப்பா ரசத்தைப் பார்க்கிறார், அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். இரண்டு பேரும் பார்ப்பதை இரண்டு விதமாக நடித்துக் காட்டினார். கடைசியில் ரசத்தை ரேடியேட்டரில் ஊற்றி நைனிடால் போய்ச் சேர்ந்தார்களாம். வழியெல்லாம் மிளகு வாசனையாம். போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாராம்.

சர்தார்ஜி வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டம் கூடிவிட்டது. மிஸஸ் கோலி, வந்துவிட்டீர்களா வாசுஜி என்று ஓடி வந்தார். நான் ஸ்டூலோடு ஓரமாக நகர்ந்துகொண்டேன். அந்த வண்டியில் ஏறி இறங்கியே இருபத்தாறு வருஷம் கழித்திருக்கிறேன். இந்தக் கதையை இன்றுதான் கேட்கிறேன். நன்றாகச் சொல்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் பயமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மறுபடியும் பழைய மனிதர். வண்டியைத் தான் எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அதற்குத்தான் வந்திருக்கிறார்.

"மொதல்ல கவிகிட்ட பேசுங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போங்க. இங்கேர்ந்து தர மாட்டேன்."

நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். கிளட்சை மிதித்தபடியேதான் ஓட்டினேன்.

ஏப்ரல் 9, புதன்

கவியிடம் பேசியிருக்கிறார். "அப்பா ரொம்ப நேரம் சாரி சாரின்னே சொல்லிட்டிருந்தார் மம்மி. எனக்கு அச்சாவே லகலை." நன்றாகவே இல்லையாம். இவளுக்கு இந்தி சேர்க்காமல் துக்கப்படவும் தெரியாது. நானா கற்றுக்கொடுக்காமல் விட்டேன்? வீட்டில் யார் பேசினார்கள், கற்றுக்கொள்வதற்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் வந்தார். காலிங் பெல் அடித்தார். சாவி இருந்திருக்கும் அவரிடம், இருந்தும் அடித்தார்.

டீ போட்டேன். சோபாவில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரிவைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். வக்கீலிடம் போய் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். உன் இஷ்டம் என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. பயந்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது.

பிறகு ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"அன்னிக்கு அங்க எல்லாருக்கும் சொன்னீங்களே. அந்த மாதிரி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."

சிரிக்கப் பார்த்தார். இதென்ன சாந்தா என்றார். நான் காத்திருந்தேன். நிஜமாகவே முயற்சி செய்தார், அது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். நெற்றி வேர்த்துவிட்டது. டீயில் ஆடை படிந்தது. மாடிப்படியில் யாரோ காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் இரண்டாம் மாடிவரை போய் நின்றது.

"பெட்ரோல் டாங்க் மூடி கொஞ்சம் லூசா இருக்கு," என்றார். "பாத்தியா?"

"பாக்கல."

பரிதாபமாக இருந்தது. கோபம் வரும் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தேன். வந்தது இதுதான்.

சாவியைக் கொடுத்தேன். மடக்கு ஸ்டூலை டிக்கியில் வைத்திருப்பதாகச் சொன்னேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. எனக்கு ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

பாங்க். வழக்கம்போல.

மே 11, ஞாயிறு

பால் வாங்கக் கீழே போனபோது, நம் கார் நின்ற இடத்தில் எதிர்வீட்டு குப்தாஜியின் புதுக் கார் நின்றது. பூமாலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவசரமாக ஓடி வந்தார். இரண்டு நாளைக்குத்தான், வாசுதேவன்ஜி வெளியூரிலிருந்து வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றார்.

அவர் இனி வரமாட்டார், நாங்கள் பிரிந்துவிட்டோம், நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

புதுக் காருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். நல்ல பசி. இரண்டு தோசை வார்த்துக்கொண்டேன், பிறகு இன்னொன்று.